தரிசாய்க் கிடப்பதில்தான் லாபம்

திருப்போரூரிலிருந்து மாமல்லபுரம் போகிற பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்தால் ஒரே காட்சி திரும்பத் திரும்ப வரும். பெரிய வளைவு, அதில் ஏதோ ஒரு நகரின் பெயர். உள்ளே தார்ச்சாலை, வரிசையாக நட்ட எல்லைக் கற்கள், இரண்டு தெருவிளக்குக் கம்பம், பூங்கா என்று எழுதிய ஒரு பலகை. வீடு மட்டும் இல்லை. மனைக்குள் முழங்கால் உயரப் புல். அதில் ஆடு மேய்கிறது. அந்த ஆட்டை ஓட்டி வந்தவர் பெரும்பாலும் பக்கத்துச் சேரிக்காரராக இருப்பார். அவர் வீட்டில் மூன்று சென்ட் இடத்தில் அண்ணன் தம்பி மூன்று குடும்பம். நான்காவதாகக் கல்யாணத்துக்கு ஒரு பையன் நிற்கிறான்.

மனை விலை பற்றிப் பேச்சு எடுத்தால் உடனே ஒரு பதில் வரும்: "ஜனம் பெருகிப் போச்சு, இடம் இல்ல, விலை ஏறாம என்ன பண்ணும்?" ஜனம் பெருகியது உண்மை. 2000இல் தரமணியில் டைடல் பூங்கா வந்தது. பிறகு சிறுசேரி சிப்காட். பழைய மாமல்லபுரம் சாலை ராஜீவ் காந்தி சாலை ஆனது. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆனது. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தது. ஒவ்வொன்றுக்கும் நிலத்தின் விலை ஒரு படி ஏறியது. ஆனால் இடம் இல்லை என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள முடியாது. அது கண்ணெதிரே புல் முளைத்துக் கிடக்கிறது. எப்போது, எவ்வளவு, யாருக்கு அது விற்பனைக்கு வர வேண்டும் என்பது சிலர் கையில் இருக்கிறது. விலையின் சூட்சுமம் அங்கே இருக்கிறது.

கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளுக்காக ஒரு சின்னக் கணக்கு. எண்கள் என் கற்பனை, முறை நடப்பில் உள்ளது. ஒரு புரமோட்டர் பத்து ஏக்கரை மனைப்பிரிவாக்குகிறார். சாலைக்கும் பூங்காவுக்கும் விட்டது போக 100 கிரவுண்டு மனை தேறுகிறது. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. அந்த ஊர்ப் பக்கத்தில் சதுர அடி 1,500 ரூபாய்க்கு வாங்க ஆண்டுக்கு 25 பேர் வருவார்கள் என்று வைத்துக்கொள்வோம். நூறு மனையையும் இந்த வருடமே விற்றுத் தீர்க்க வேண்டுமென்றால் விலையை 1,000 ரூபாய்க்கு இறக்க வேண்டும். மொத்தம் 24 கோடி வரும். அவர் அப்படிச் செய்ய மாட்டார். முதல் ஆண்டு 'முதல் கட்டம்' என்று 25 மனையை மட்டும் 1,500க்கு விடுவார். மறு ஆண்டு 1,700, அடுத்து 1,900, அதற்கடுத்து 2,100. நான்கு ஆண்டில் 43 கோடியே 20 லட்சம். அதே பத்து ஏக்கர், அதே கல், அதே புல். கூடுதலாக வந்த 19 கோடிக்கு அவர் ஒரு செங்கல்கூட வைக்கவில்லை. சும்மா இருந்தார். சும்மா இருக்க முடிந்ததுதான் அவர் முதலீடு.

எல்லோராலும் அப்படி இருக்க முடியாது. இரண்டு வட்டிக்கு வாங்கி நிலம் பிடித்த சின்ன ஆள் ஆறு மாதத்தில் விற்றாக வேண்டும். அவர் அவசரமாக விற்பதைப் பெரிய ஆளே மொத்தமாக வாங்கிப் போட்டுக்கொள்வார். பெரிய ஆளுக்கு நிலத்தின் முழு விலையும் முன்கூட்டியே கொடுக்க வேண்டியதில்லை. விவசாயியிடம் கொஞ்சம் முன்பணம், ஒரு கிரய ஒப்பந்தம், ஒரு பொது அதிகாரப் பத்திரம் இருந்தால் போதும். மனை விற்க விற்க விவசாயிக்குப் பணம் போகும். காத்திருக்கும் செலவை நிலத்தை விற்ற ஏழையே சுமக்கிறான்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். ஒரே ஒரு புரமோட்டரா இருக்கிறார்? ஆளுக்கு ஆள் போட்டி போட்டால் விலை இறங்க வேண்டாமா? தக்காளி என்றால் இறங்கும். இன்று விற்காத தக்காளி நாளைக்கு அழுகிவிடும். மனை அழுகாது. அதோடு தையூரில் மனை தேடுகிறவருக்கு மதுராந்தகத்து மனை மாற்றாகாது. வேலை, பள்ளிக்கூடம், பஸ் எல்லாம் பார்த்துத்தான் வாங்குவார். ஒரு வட்டாரத்தில் நான்கைந்து மனைப்பிரிவு இருந்தாலும் விற்றுக் கொடுக்கும் தரகர்கள் எல்லோருக்கும் பொது. கடைசியாகப் பத்திரம் பதிந்த விலை எல்லோருக்கும் தெரியும். யாராவது முதலில் விலையைக் குறைத்தால் போன வருடம் வாங்கியவர்கள் வாசலில் வந்து சண்டை பிடிப்பார்கள். கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டிய அவசியமே இல்லை, விலை தானாக ஒரே மட்டத்தில் நிற்கும்.

இது நம்மூர் அதிசயமும் அல்ல. இங்கிலாந்தில் அனுமதி வாங்கிய பிறகும் ஏன் வீடு மெதுவாகக் கட்டுகிறார்கள் என்று ஆராய அந்நாட்டு அரசு ஆலிவர் லெட்வின் என்பவரை நியமித்தது. 2018இல் அவர் கொடுத்த அறிக்கையின் சாரம்: பெரிய திட்டங்களில், அந்த வட்டாரத்து விலை கலையாமல் எத்தனை வீடு விற்குமோ அந்த வேகத்துக்கு மேல் யாரும் கட்டுவதில்லை. நம் நாட்டுக் கணக்கும் அதே கதையைச் சொல்கிறது. நகரங்களில் 1 கோடியே 87 லட்சம் வீடு பற்றாக்குறை என்று 2012இல் மத்திய அரசின் வல்லுநர் குழு மதிப்பிட்டது. பற்றாக்குறையில் 95 விழுக்காட்டுக்கு மேல் ஏழைகளுக்கும் குறைந்த வருமானக்காரர்களுக்கும் உரியது. அதற்கு முந்தைய ஆண்டு எடுத்த மக்கள்தொகைக் கணக்கில், நகரங்களில் பூட்டிக் கிடந்த வீடுகள் சுமார் 1 கோடியே 10 லட்சம்.

புரமோட்டர்கள் மேலேயே எல்லாப் பழியையும் போடுவது சரியில்லை. சென்னையில் சம்பாதிக்கிறவர் சேமிப்பை மனையாகப் போட்டு மறந்துவிடுகிறார். கணக்கில் வராத பணம் ஒளிந்துகொள்ளவும் மனைதான் வசதி. அனுமதிக்காகக் கோப்பு மேசை மேசையாக நகரும் மாதங்களின் செலவும் விலையில் ஏறுகிறது. ஆனாலும் இதை ஒரு தலித் பத்தியில் எழுதக் காரணம் இருக்கிறது. நிலத்தைச் சும்மா போட்டு வைத்து அடுத்தவனைப் பணிய வைக்கும் வித்தையை இந்த மாவட்டம் இன்று நேற்றுக் கற்றதில்லை.

பழைய செங்கல்பட்டு ஜில்லா மிராசுகளின் ஊர். வெள்ளைக்காரன் காலத்தில், விளைகிற நிலம் மட்டுமல்ல, ஊர்த் தரிசின் மேலும் மிராசுதாரருக்கு முன்னுரிமை இருந்தது. பண்ணையில் உழைக்கும் பறையர் ஒருவர் தரிசில் இரண்டு காணி கேட்டுத் தர்க்காஸ்து கொடுத்தால், அது எனக்கு வேண்டும் என்று மிராசுதாரர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மனு தள்ளப்படும். அதன் பிறகு அவர் அதைப் பயிரிடுவார் என்ற உத்தரவாதம் இல்லை. தரிசு தரிசாகவே கிடக்கும். சேரி நத்தமும் தன்னுடையது என்பார். கூலி கூடக் கேட்டால் குடிசையைக் காலி செய் என்பார்.

பயிரிடாத நிலத்தால் மிராசுதாரருக்கு என்ன லாபம்? கூலிக்காரனுக்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் கிடைத்தால் அவன் பண்ணைக்கு வர மாட்டான், வந்தாலும் சொன்ன கூலிக்கு வர மாட்டான். ஆக, தரிசு தரிசாக இருக்கும்வரை பண்ணையில் கூலி ஏறாது. அன்று நிலத்தைப் பூட்டி வைத்துக் கூலியை இறக்கினார்கள். இன்று நிலத்தைப் பூட்டி வைத்து விலையை ஏற்றுகிறார்கள். இரண்டு முறையும் பூட்டுக்கு வெளியே நிற்பது நாம்.

இதைக் கண்டு எழுதியவர் இந்த ஜில்லாவில் ஆட்சியராக இருந்த ட்ரெமன்ஹீர். செங்கல்பட்டுப் பறையர்களின் நிலை குறித்து அவர் 1891இல் கொடுத்த அறிக்கை, அவர்களுக்கு நிலமும் மனையும் கிடைக்காததே அடிமைத்தனத்தின் வேர் என்று காட்டியது. 1892 செப்டம்பர் 30இல் சென்னை அரசு ஆணை பிறப்பித்தது. அந்த வழியில் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு ஒதுக்கப்பட்டவையே பஞ்சமி நிலங்கள். தாலுகா ஆபீஸ் பேச்சில் டி.சி. நிலம். மாகாணம் முழுவதும் பன்னிரண்டு லட்சம் ஏக்கர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. நிபந்தனை இதுதான்: பத்து ஆண்டுகளுக்கு யாருக்கும் விற்கக் கூடாது, அடகு வைக்கக் கூடாது, தானம் கொடுக்கக் கூடாது. அதன் பிறகு விற்றாலும் இன்னொரு ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கே விற்க வேண்டும். மீறினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

நிலம் நம்மிடம் தங்குவதற்காகப் போட்ட இந்த வேலியே அதை மலிவாகப் பறிப்பதற்கும் வழியானது. சட்டப்படி வாங்கத் தகுதி உள்ளவர் இன்னொரு தலித் மட்டும். அவரிடம் பணம் இல்லை. ஆகவே டி.சி. நிலத்துக்கு மதிப்பே கிடையாது என்று தரகர் அடித்துப் பேசுவார். "இதை எவனும் வாங்க மாட்டான் பெரியவரே, பேங்க்ல லோனும் தர மாட்டான். நான் ஏதோ பாத்துப் பண்ணிக் கொடுக்கறேன்." மகள் கல்யாணம், ஆஸ்பத்திரிச் செலவு, பழைய கடன், ஏதோ ஒன்றில் கைரேகை விழும். முதல் கிரயம் ஒரு தலித் பினாமி பெயரில். அடுத்தது அதிகாரப் பத்திரம். இடையில் 1980களில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டம், அதாவது யுடிஆர், பல ஊர்களில் கை கொடுத்தது. பழைய பதிவேட்டில் இருந்த டி.சி. என்ற குறிப்பு புதிய பதிவேட்டுக்கு வரும்போது காணாமல் போனது, பட்டா வேறு பெயரில் வந்தது. குறிப்பு மறைந்த அன்று அந்த நிலம் முழுச் சந்தை விலைக்கு உயர்ந்துவிடும். சேரி விலைக்கு வாங்கி ஊர் விலைக்கு விற்பது. நடுவில் நிற்கும் தொகையைக் கடற்கரைச் சாலை ஓரத்தில் கணக்குப் போட்டுப் பாருங்கள். மேலே சொன்ன 19 கோடிக்கு நான்கு வருடமாவது காத்திருக்க வேண்டும். இதற்கு அதுவும் வேண்டாம்.

சென்னை உயர் நீதிமன்றம் இந்த நிபந்தனை செல்லும், மீறி வாங்கியது செல்லாது என்று பலமுறை தீர்ப்பளித்திருக்கிறது. கடைசியாக ஏமாறுவது சில நேரம் மனை வாங்கிய நடுத்தரக் குடும்பம். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. வாழ்நாள் சேமிப்பைக் கொட்டும் முன் பழைய பதிவேட்டையும் பாருங்கள் என்று அவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டிய வழக்கறிஞர்கள் மேல் இருக்கிறது.

இந்த நிலத்துக்காக இந்த மாவட்டம் உயிர் கொடுத்திருக்கிறது. மாமல்லபுரத்துக்கு அருகிலுள்ள காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கக் கிளம்பியவர்கள் அங்கே அம்பேத்கர் சிலையை நட்டார்கள். சிலை அகற்றப்பட்டது. அதைக் கண்டித்து 1994 அக்டோபர் 10இல் செங்கல்பட்டில் திரண்ட கூட்டத்தின்மீது காவல்துறை சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் இறந்தார்கள். டைடல் பூங்காவுக்கு ஆறு ஆண்டு முன்பு. அன்று அந்த நிலங்களின் விலை என்னவென்று ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள். விலை ஏறிய பிறகு வந்த பேராசை என்று அந்தப் போராட்டத்தை யாரும் சொல்லிவிட முடியாது. 2011இல் பஞ்சமி நிலங்களை ஆராய நீதிபதி மருதமுத்து தலைமையில் குழு அமைத்தார்கள். ஆட்சிகள் மாறின, குழுக்களும் மாறின. வளைவுகள் அப்படியே நிற்கின்றன, புதிதாகவும் முளைக்கின்றன.

இடையில் அரசு கட்டிக் கொடுத்ததைப் பார்ப்போம். சென்னை நகருக்குள் கூவம் ஓரத்திலும் மற்ற இடங்களிலும் இருந்து கிளப்பப்பட்ட குடும்பங்களுக்குக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். ஆயிரக்கணக்கான வீடுகள், எல்லாம் இதே ராஜீவ் காந்தி சாலைப் பக்கம். அவர்களில் பெரும்பகுதி தலித்துகள். ஒரே சாலையில் இரண்டு விதமான வீட்டுச் சந்தை. ஒன்றில் விலை கேட்டு மயக்கம் வரும், இன்னொன்றில் முகவரி சொன்னால் வேலை கிடைக்காது. ஊருக்குள் வாடகைக்குப் போகலாம் என்றாலோ, "நீங்க என்ன ஆளுங்க?" என்ற கேள்வி முன்பணத்துக்கு முன்னால் வரும். காலனி என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்ல காரியம், பெயர் போகட்டும். பெயர் போன இடத்தில் இன்னும் மூன்று சென்ட் கூடுமா என்பதே நம் கேள்வி.

இப்போது அவசரம் கூடியிருக்கிறது. 2022இல் சென்னைப் பெருநகரப் பகுதியின் எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரித்து ஆணை வந்தது. செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் புதுநகரத் திட்டங்கள் தயாராகின்றன. திட்ட வரைபடத்தில் ஒரு ஊர் மஞ்சள் நிறமானால், அதாவது குடியிருப்புப் பகுதியானால், அந்த ஊர்த் தரிசு ஒரே நாளில் தங்கமாகும். எந்தப் பக்கம் மஞ்சள் வரப்போகிறது என்பது நமக்குத் தெரியும் முன்பே தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். பெரிய மனைப்பிரிவுகளில் ஒரு பங்கைப் பொருளாதாரத்தில் நலிந்தவர்களுக்கான சிறு மனைகளாக ஒதுக்க வேண்டும் என்ற விதி உண்டு. வரைபடத்தில் அந்தக் குட்டிக் கட்டங்கள் இருக்கின்றன. அவற்றை யார் வாங்கினார்கள், நலிந்தவர்களா, பக்கத்து மனைக்காரரா என்று எந்த அலுவலகம் போய்ப் பார்க்கிறது? அந்த ஊர்ச் சேரிக்காரருக்கு முதலில் கேட்டுச் சொன்னார்களா?

நம் இளைஞர்கள் சிலரே ஒரு வாதம் வைக்கிறார்கள். பஞ்சமி நிபந்தனையை எடுத்துவிட்டால் நாமும் சந்தை விலைக்கு விற்று முன்னேறலாமே, ஏன் நம் சொத்துக்கு மட்டும் கட்டு? இதைத் துரோகம் என்று ஒதுக்கக் கூடாது. வங்கிக் கடன் கிடைக்காத நிலத்தை வைத்துக்கொண்டு அல்லாடுகிறவர் கேட்கும் கேள்வி அது. ஆனால் கணக்கு அவருக்குச் சாதகமாக இல்லை. கட்டை எடுத்த மறுநாள் விற்கும் அவசரம் யாருக்கு இருக்கும்? நமக்குத்தான். காத்திருக்கும் வசதி யாருக்கு? அவர்களுக்கு. விற்ற காசுக்குத் திரும்ப அதே ஊரில் ஒரு கிரவுண்டு வாங்க முடியாது. நிபந்தனையை வைத்துக்கொண்டு, அந்த நிலத்தின்மீது வீடு கட்டவும் தொழில் செய்யவும் தாட்கோ வழியாகக் கடன் தர அரசைக் கட்டாயப்படுத்துவதே சரி.

மீட்கும் நிலத்தையும் துண்டு துண்டாகப் பட்டா போட்டுக் கொடுத்து மறந்துவிடக் கூடாது. நம் தமிழர்கள் பல தலைமுறையாக வாழும் சிங்கப்பூரில் 1966இல் ஒரு நிலம் எடுப்புச் சட்டம் வந்தது. அரசு எடுத்த நிலத்தில் வீட்டு வசதி வாரியம் கட்டிய வீடுகளில் இன்று ஐந்தில் நான்கு பேர் குடியிருக்கிறார்கள். நிலம் அரசுடையது, குடும்பத்துக்கு 99 ஆண்டு உரிமை. அங்கே எல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை. எவ்வளவு வீடு, எப்போது என்ற முடிவு தனியார் கையில் மட்டும் இருக்க வேண்டியதில்லை என்பதற்கு அது சாட்சி. மாமல்லபுரம் கடற்கரை ஊர்களில் மீட்கும் பஞ்சமி நிலத்தில் இப்படி நீண்டகால உரிமையில் வீட்டு மனைகள் தரலாம். பிள்ளைகளுக்குப் போகும், தரகருக்குப் போகாது. கோயில் நிலத்துக்கு வழிகாட்டி மதிப்பைப் பூஜ்யமாக்கிப் பத்திரப் பதிவைத் தடுப்பதுபோல, டி.சி. சர்வே எண்களையும் சார்பதிவாளர் அலுவலகக் கணினியில் பூட்டலாம். அனுமதி வாங்கிய மனைகளைப் புல் முளைக்க விடுகிறவருக்குக் காலிமனை வரி ஆண்டுக்கு ஆண்டு ஏற வேண்டும், ஊராட்சிப் பகுதிகளையும் சேர்த்து. காத்திருப்பதற்குச் செலவு வந்தால் விற்கும் வேகம் தானாகக் கூடும்.

இவற்றை அரசு செய்யும் என்று நாம் உட்கார்ந்திருக்க வேண்டாம். வட்டாட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு எழுதுங்கள். யுடிஆருக்கு முந்தைய நிலவரித் திட்டப் பதிவேட்டில் உங்கள் கிராமத்துக்கான பக்கங்களின் நகலும், இப்போதைய 'அ' பதிவேட்டின் நகலும் கேளுங்கள். பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டினால் போதும். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவருக்கு அதுவும் வேண்டாம், சான்று இணைத்தால் சரி. இரண்டையும் பக்கத்தில் வைத்து, சர்வே எண் வாரியாகக் குறிப்புக் கலத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். பழையதில் டி.சி. என்று இருந்து புதியதில் காலியாக இருக்கும் எண்களைத் தனியே எழுதி, அந்த இடத்தில் இப்போது என்ன நிற்கிறது என்று நேரில் போய்ப் பார்த்து வாருங்கள். அநேகமாக ஒரு வளைவு நிற்கும்.